நாலாம் கியரில் தைப்பிங் வரை

டேஷ்போர்டில் ஒரு சிறு பெட்டி எரிகிறது.
இந்தப் பக்கம் குழாய், அந்தப் பக்கம் குழாய்,
நடுவில் புள்ளிகள்.
பட்டறைக்கார லியோங் வாய் திறக்கும் முன்பே
எனக்குப் புரிந்துவிட்டது.
பதினோரு வருஷமாக அதைத்தானே
நாளெல்லாம் கையில் பிடிக்கிறேன்
பட்டர்வொர்த் டயாலிசிஸ் நிலையத்தில்.
என்ன, என் வடிகட்டியில் உள்ளே இருப்பது தெரியும்,
அடைத்துக்கொண்டால் சிவந்து காட்டிக்கொடுக்கும்.
இது இரும்புக்குள் உட்கார்ந்துகொண்டு
மஞ்சளாக முறைக்கிறது.

விற்ற குணவர்மன் சொன்னார்:
"டாக்டர் ஓட்டின காடி, ஒரே கை.
டீசல்னா யானை பலம்மா."
யானையைக் கட்டித் தீனி போடுவது யாரென்று
அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

லியோங் கணக்கெழுதியது
ஒரு பிளக் அட்டையின் பின்புறத்தில்:
புது வடிகட்டி ஒன்பதாயிரத்து நானூறு வெள்ளி.
புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு ஆயிரத்து எழுநூறு.
சென்சார் இருநூற்று எண்பது,
"இது மட்டும் மலிவு லா" என்றார்
ஆறுதல் சொல்கிற மாதிரி.
காடியே இருபத்தெட்டாயிரம்.
இன்னும் முப்பத்தொன்பது மாதம் கட்டவேண்டும்.

பிறகு குரலை இறக்கினார்.
வெட்டி எடுத்துவிடலாம்.
உள்ளே காலி, வெளியே வெல்டிங்,
கம்ப்யூட்டருக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கலாம்.
எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூறு.
யார் பார்க்கப் போகிறார்கள்?
மலாயில்தான் சொன்னார்,
காசு பேசினால் எந்த மொழியும் புரியும்.

யோசிக்கிறேன் என்றேன்.
பொய். தலையை ஆட்டாத குறைதான்.

மறுநாள் ஏழாம் நாற்காலி இருதயமேரி
கையில் ஊசி ஏறும்போது கேட்டாள்,
ஏன் மூஞ்சி இப்படி?
சொன்னேன்.
சிரித்ததில் மெஷின் அலாரம் அடித்தது.
"உன் காடிக்கும் கிட்னி போச்சா!"
என்னையும் வெட்டி எடுத்துவிடச் சொல்வாயா என்று
அவள் கேட்டிருந்தால்
இந்தக் கவிதைக்கு வசதியாக இருந்திருக்கும்.
அவள் கேட்டது:
"ஏர்கான் வேலை செய்யுதில்ல? அப்புறம் என்ன."

ஆனாலும் அன்று மாலை
நான் கழுவிய வடிகட்டிகளை எண்ணினேன்.
யாரும் சொல்லவில்லை எண்ணச் சொல்லி.

"கழற்றிக் கழுவிப் பார்க்கலாமா?"
லியோங் என்னைப் பார்த்த பார்வை
பழைய பாக்கி கேட்கிறவனின் பார்வை.
ஜூருவில் ஒருவன் கழுவுவான், எண்ணூற்றைம்பது.
உத்தரவாதம் கிடையாது.
அப்புறம் ஒன்று: நீ காடியை ஓட்டுவதே இல்லை.

உண்மைதான்.
பிறையில் வீடு, வேலைக்கு ஒன்பது நிமிஷம்.
எல்லாரும் பாலத்தில் நின்று சாகும்போது
என் அதிர்ஷ்டம் என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.
ஒன்பது நிமிஷத்தில் எதுவும் சூடாவதில்லை,
தன் கரியைத் தானே எரிக்கும் அளவுக்கு.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரவுகளில்
போக இடமில்லாமல் போகிறோம்.
ஜூரு டோல் தாண்டியதும் நாலாம் கியர்,
முள் இரண்டாயிரத்து ஐநூறை விட்டு இறங்கக்கூடாது.
லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்
திருமாறன் லாரியைத் திட்டுகிறான்,
பிறகு என்னை,
பிறகு குணவர்மனை, விரிவாக.
பெட்ரோல் காடி வாங்கியிருக்கலாம் என்பது
ஜாவி வந்ததும் வரும்.
புக்கிட் மேராவில் தூங்கிவிடுவான்.

அங்கேதான் அந்த வாசம் வரும்,
இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்ட வீடு மாதிரி.
காலடியில் எங்கோ
ஒரு வாரத்துப் புகை சாம்பலாகிறது.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு
முள்ளைப் பார்க்கிறேன்,
ரத்த அழுத்தம் பார்க்கிற கண்ணால்.
கமுந்திங் பலகை தெரியும்போது
விளக்கு அணைகிறது.
எழுப்பிச் சொல்ல மனமில்லை.

தைப்பிங்கில் ஆளுக்கொரு தே தாரிக்.
டோல், டீசல், தேநீர்
எல்லாம் என் நோட்டில் இருக்கிறது,
ஒன்பதாயிரத்து நானூறுக்கு எதிர்ப்பக்கத்தில்.

போன வாரம் வியாழன் வரை தாங்கியது.
இன்று புதன்.
சாவியைத் திருப்பிவிட்டு
ஒரு கணம்
வேறு பக்கம் பார்க்கிறேன்.